கார் ஏறாத கப்பல்

போன வாரம் ரோச் பூங்காவில் நடந்துவிட்டு வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கொழும்புக் கப்பலில் வந்து நின்றது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், என்னைவிட நான்கு வயது இளையவர், சொன்னார்: "எதுக்கு அண்ணாச்சி கப்பல்? மதுரையில பிளேன் ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு. 2011ல விட்டுப் பாத்தாங்கள்லா, ஆள் ஏறலயே!"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்பட்டால் பிரஷர் ஏறும், வெளியில் யாரோடும் வாதம் பண்ணக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டு வந்து, இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். நண்பரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

ஆள் ஏறவில்லை என்பது பாதி உண்மைதான். ஏன் ஏறவில்லை? கார் ஏற்றவில்லை, அதனால் ஆளும் ஏறவில்லை. விமானத்தால் செய்ய முடியாத ஒரு வேலை கப்பலால் முடியும். நம் வண்டியை, அதில் உள்ள சாமான் சட்டியோடு, அக்கரையில் கொண்டுபோய் இறக்கும். அந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டு, "விமானத்தோடு போட்டி போடு" என்று கப்பலை அனுப்பினால் அது தோற்கத்தான் செய்யும். தோற்ற பிறகு "பார்த்தீர்களா, யாருக்கும் வேண்டாம்" என்று சொல்வது என்ன நியாயம்?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு தடவை அனுபவித்திருக்கிறேன்.

2018 ஏப்ரலில் நானும் மனைவியும் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மகன் வீட்டில் இருந்தோம். ஹாலந்தில் டூலிப் பூக்கும் மாதம். எங்கள் இருவருக்கும் ஐரோப்பிய விசா முன்னாலேயே வாங்கியாகிவிட்டது. மருமகள் விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தாள். மகன்தான், "வேண்டாம், அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போவோம், நம்ம கார்லயே" என்றான். காரோடு கப்பலிலா என்று நான் விழித்தேன். துறைமுகம் உள்ள ஊரில் பிறந்து, துறைமுகத்துக் கணக்குகளை வங்கியில் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான். என் கேள்வியைக் கேட்டு மருமகள் சிரித்துவிட்டாள்.

என்னென்ன ஏற்றினோம் தெரியுமா? குக்கர், பொன்னி அரிசி, ரசப்பொடி, இட்லிப்பொடி, நல்லெண்ணெய், பேரனின் சின்ன சைக்கிள், முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு உயரமான மடக்கு நாற்காலி, இரண்டு தலையணை. ஒருவரும் தராசில் வைக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்து, ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்போமே, அது எதுவும் இல்லை.

லீட்ஸிலிருந்து ஹல் துறைமுகம் ஒன்றேகால் மணி நேரம். ஊருக்குள் நுழையும் முன் வலது பக்கம் ஹம்பர் பாலம் தெரிகிறது. 1981இல் திறந்தபோது உலகிலேயே நீளமான ஒற்றைத் தாவு கொண்ட தொங்குபாலம் அதுதான். துறைமுக வாசலில் ஒரு கூண்டு. காரை விட்டு இறங்காமலே பாஸ்போர்ட்டை நீட்டினோம், பார்த்தார்கள், வரிசை எண் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வரிசையில் நிற்கும்போது நானும் மகனும் முன்விளக்குகளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். அக்கரையில் வலது பக்கம் ஓட்டவேண்டும், நம் விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கக்கூடாது, அதற்காக. பக்கத்து வரிசையில் ஒரு கிழவரும் கிழவியும். காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டே, வருடா வருடம் இப்படித்தான் ஜெர்மனி போவோம் என்றார். வயது கேட்டேன், 81 என்றார். நான் அன்றைக்கு 67. எனக்கு அதற்கு முந்தின மாதம்தான், "இனி மதுரைக்குக் கார் ஓட்டிட்டுப் போகாதீங்க அப்பா" என்று மகளிடமிருந்து தடை உத்தரவு வந்திருந்தது.

சரிவுப் பாலத்தில் ஏறி கார் கப்பலுக்குள் போகும்போது இரும்புத் தட்டுகள் கடகடவென்று சத்தம் போடுகின்றன. மஞ்சள் சட்டைக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி, முன் வண்டிக்கும் நமக்கும் ஒரு முழம்கூட இல்லாதபடி நிறுத்தவைக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டுவிட்டு, ராத்திரிக்கு வேண்டிய பையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடவேண்டும். விடியும் வரை கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கப்பலின் பெயர் ப்ரைட் ஆஃப் ஹல். இரண்டு ஃபுட்பால் மைதானம் நீளம். கீழே பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. கார்களைவிட லாரிகள்தான் அதிகம். டிரைவர் இல்லாமல் பெட்டி மட்டும் போகும் டிரெய்லர்களும் ஏராளம். கப்பலுக்குச் சோறு போடுவது அந்த லாரிகள். எங்களைப் போன்ற விடுமுறைக்காரர்கள் குழம்பு ஊற்றுகிறோம். இதைப் பின்னால் சொல்வேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் நான்கு படுக்கை. மேலே இரண்டைச் சுவரிலிருந்து மடக்கி இறக்குகிறார்கள். "ரயில் கூபே மாதிரி இருக்கு, ஆனா பாத்ரூம் உள்ளயே இருக்கு" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். எட்டரைக்குக் கப்பல் நகர்ந்தது. ஆற்று முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனதும் லேசாகத் தொட்டில் ஆட்டம். வடகடல் பொல்லாதது என்று பயமுறுத்தியிருந்தார்கள். நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டு காருக்கு இறங்கினோம். எல்லோரும் அவரவர் வண்டியில் உட்கார்ந்து காத்திருக்கிறோம். இருட்டு. தூரத்தில் ஒரு இரும்புக் கதவு திறக்க, வெளிச்சம் ஒரு பாளமாக உள்ளே விழுந்தது. பேரன் கை தட்டினான். நானும் தட்டினேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் ராட்டர்டாம் பக்கத்துச் சாலையில் எங்கள் காரில் போய்க்கொண்டிருந்தோம். மகன் மட்டும் "வலது, வலது" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினான். பத்து மணிக்குக் கிண்டர்டைக் என்ற ஊரில் 19 பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கும் வாய்க்கால் கரையில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தோம். ராத்திரி தூங்கினோம், காலையில் விடுமுறை ஆரம்பித்துவிட்டது. நடுவில் அலுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

டூலிப் தோட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படத்தில் பார்ப்பது போலவேதான் இருக்கிறது. மூன்றாம் நாள் போன இடத்தைச் சொல்லவேண்டும். கடலை மறித்து 1932இல் கட்டி முடித்த அணை ஒன்று, 32 கிலோமீட்டர் நீளம், மேலே சாலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அணையால் பிறந்த ஏரி. நடுவில் நிறுத்தச் சொன்னாள் என் மனைவி. நாற்காலியைக் காற்றுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "தனுஷ்கோடி மாதிரி இருக்குங்க" என்றாள்.

அவள் கொழும்பில் பிறந்தவள். மாமனார் பெட்டாவில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். குடியிருப்பு கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி. 1963இல் ஒன்பது வயதில், குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் இங்கே வந்தாள். அடுத்த வருடம் டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. ஒரு தகர டிரங்குப்பெட்டி, அதன் மேல் அவள் அப்பா, மணல், இரண்டு பக்கமும் தண்ணீர். அவள் அடிக்கடி சொல்லும் காட்சி அது. ஹாலந்தில் அணை மேல் உட்கார்ந்து அதை மறுபடி முழுக்கச் சொன்னாள். பேரன் வாயைப் பிளந்து கேட்டான். "நேரமாச்சு" என்று யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

இந்த ஹார்ன் விஷயத்துக்கு வருகிறேன்.

2011 ஜூன் 13ஆம் தேதி அன்றைய மத்திய கப்பல்துறை அமைச்சர் ஜி.கே.வாசன் கொடியசைக்க, நம்மூரிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் கிளம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். சாயங்காலம் ஏறினால் மறுநாள் கொழும்பு. நாங்கள் செப்டம்பரில் போனோம். முன்பதிவு செய்யும்போதே கேட்டேன், என் காரைக் கொண்டுபோகலாமா என்று. கவுண்டரில் இருந்த பையன் சிரித்தான். "ஆளுங்க மட்டும்தான் சார்."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கப்பலின் பூர்வோத்தரம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 1972இல் கார் ஏற்றுவதற்கென்றே கட்டிய கப்பல் அது. 1982 முதல் 2004 வரை அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் நடுவில், ராத்திரி முழுக்க ஓடி, விடுமுறைக்குப் போகிறவர்களைக் காரோடு இறக்கிவிட்ட கப்பல். வயிறு பூராவும் கார் தளம். அதைக் கொண்டுவந்து நம்மூரில் நிறுத்தி, ஆள் மட்டும் ஏறு என்றோம். நெல் ஏற்றும் லாரியை வாங்கி, முன் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து டாக்சி ஓட்டிய கதை. நான் போன அன்றைக்குப் பாதிக் கப்பல் காலி. நவம்பரில் நின்றுபோனது. நண்பர் சொன்ன "ஆள் ஏறலயே" இதுதான்.

கொழும்பில் இறங்கி வேன் பிடித்தோம். டிரைவர் நல்ல பிள்ளை, "அம்மா, அம்மா" என்று உருகுவான். ஆனால் அவனுக்கு ஒரு அட்டவணை. கண்டி போகும் வழியில் மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் கடை, பாத்திக் துணிக்கடை. ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணி நேரம். கமிஷன், பாவம். கடைசி நாள் ஜம்பட்டா வீதிக்கு விடச் சொன்னோம். நெருக்கடியான தெரு, வண்டி நிறுத்த இடமில்லை, பின்னால் ஹார்ன். ஊர்ந்துகொண்டே போனான். என் மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அந்த நீலக் கதவு... இல்ல, அடுத்தது..." என்று சொல்வதற்குள் தெரு முடிந்துவிட்டது. இன்னொரு சுற்று வரச் சொன்னேன். கப்பலுக்கு நேரமாகும் என்றான். தலைமன்னார் அவன் அட்டவணையிலேயே இல்லை.

சொந்த வண்டி இருந்திருந்தால்? நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன். அந்தக் கதவு எது என்று தெரியும் வரை உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு சின்ன ஆசைதான். இதற்கு ராக்கெட் விடச் சொல்லவில்லை.

சொல்லப்படும் தடைகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கடத்தல் நடக்கும் என்பார்கள். நம்மூர்க்காரர்களிடம் போய்க் கடத்தலைப் பற்றியா சொல்வது! மஞ்சளும் பீடி இலையும் எப்படிப் போகிறது என்று நாம் தினமும் பேப்பரில் படிக்கிறோம். ராத்திரியில், ஆளில்லாத கடற்கரையில், படகில் போகிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி, பேர் கொடுத்து, டிக்கெட் வாங்கி, சுங்க அதிகாரி டிக்கியைத் திறந்து பார்க்க, ஸ்கேனர் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகும் ஓய்வூதியக்காரனா கடத்தல்காரன்?

அங்கே காரை விற்றுவிட்டு வந்துவிடுவார்கள் என்பது அடுத்தது. இலங்கையில் கார் இறக்குமதி வரி மிகக் கடுமை, ஆகவே பயம் நியாயமானது. ஆனால் இதற்கு மருந்து கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. கார்னே என்று ஒரு புத்தகம். நம் நாட்டு ஆட்டோமொபைல் சங்கங்கள் தருகின்றன. எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த நாட்டுக்குள் போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. கார் திரும்பி வரவில்லையா, சங்கம் வரியைக் கட்டிவிட்டு நம் வங்கி உத்தரவாதத்தில் கை வைக்கும். உத்தரவாதப் பத்திரம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். பணிக்காலத்தில் எத்தனையோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன். அதை மீறிக் காரை விற்க நினைப்பவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

நேபாளத்துக்கு நம் நாட்டுக் கார்கள் தினமும் போகின்றன. எல்லையில் நாள் கணக்கில் வரி கட்டிச் சீட்டு வாங்கினால் போதும். பூடானுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். மலை ஏறிப் போகலாம், கடல் தாண்டிப் போகக்கூடாது என்பதற்கு என்ன காரணம்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹல்லில் ஏறியவன் வலது பக்கம் ஓட்டக் கற்றுக்கொள்ளவேண்டும். எங்கள் மகன் மூன்று நாள் மந்திரம் ஓதினான். இலங்கையில் நம்மைப் போலவே இடது பக்கம். ஸ்டியரிங்கும் ஒரே பக்கம். தெருப் பலகையில் தமிழும் இருக்கிறது. வழி கேட்டால் பாதி இடங்களில் தமிழில் பதில் வரும். ராத்திரிக் கப்பலில் காரோடு போய் இறங்குவதற்கு உலகத்தில் இதைவிடத் தோதான இரண்டு ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. தூரம்கூட ஹல்-ராட்டர்டாமைவிடக் குறைவு. 150 கடல் மைல் சொச்சம்.

இந்தியாவில் இதெல்லாம் சாத்தியமில்லை என்றும் சொல்ல முடியாது. குஜராத்தில் கோகாவிலிருந்து ஹசிராவுக்கு 2020 நவம்பர் முதல் கப்பல் விட்டார்கள். சாலையில் 370 கிலோமீட்டர், கடலில் 90. காரும் லாரியும் ஏறுகிறது. மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்கு அதே வருடம் ஆரம்பித்தார்கள். காரோடு போய் அலிபாகில் வார விடுமுறை கழித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நமக்கு ஏன் ஆகாது?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் ஆள் மட்டும் போகும் சின்னக் கப்பல். 2011இல் செய்த தப்பை இன்னும் சின்ன அளவில் செய்கிறோம். ஹல்லில் நான் பார்த்த லாரிகளை நினைத்துப்பாருங்கள். வெங்காயமும் துணியும் லாரியோடு ஏறினால் கப்பலின் செலவைச் சரக்கே தூக்கிவிடும். அதன் மேல் நாற்பது கார், இருநூறு ஆள் ஏறினால் லாபம். அங்கிருந்தும் வரும். திருச்செந்தூருக்கும், மதுரை ஆஸ்பத்திரிக்கும் வயசாளிகளைக் கூட்டி வருகிறவர்கள் அங்கே எத்தனை பேர். வீல்சேரோடு, தலையணையோடு, தங்கள் வண்டியிலேயே வரட்டுமே.

வ.உ.சி.யைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? 1906இல் கம்பெனி தொடங்கி, அடுத்த வருடம் காலியாவையும் லாவோவையும் கொண்டுவந்து இதே கொழும்புப் பாதையில் வெள்ளைக்காரனோடு மல்லுக்கு நின்றவர். 2011இல்தான் நம் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தோம். அவர் ஓட்டிய கப்பல் பாதை நின்றுபோனதும் அதே 2011தான். பெயர்ப்பலகைக்கு அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

எனக்கு இப்போது 74. கண் சரியாக இருக்கிறது. லைசென்ஸ் இன்னும் மூன்று வருடத்துக்குச் செல்லும். என் மனைவிக்கு 71, முழங்கால் முன்னைவிட மோசம். விமானத்தில் போய், வாடகை வண்டியில் ஏறி, இன்னொரு அட்டவணைக்குள் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை அந்தத் தெருவைக் கண்ணாடி வழியாகப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. "போனா நின்னு பாக்கணும், இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

இதுவரை இரண்டு மனு அனுப்பினேன். ஒன்றுக்கு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. இன்னொன்றுக்கு அதுவும் இல்லை. மூன்றாவது மனு தயார். தனி ஆளாக அனுப்பினால் குப்பைக்கூடை என்று தெரிந்துவிட்டதால் இந்த முறை கையெழுத்துச் சேர்க்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு அதே பெஞ்சில் இருப்பேன். பெயரோடு உங்கள் வண்டி எண்ணையும் எழுதுங்கள், எத்தனை கார் ஏறும் என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். மின்வாரிய நண்பருக்கு முதல் வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.